இருபத்தெட்டு நாள்

காந்தி ரோட்டில் எங்கள் கடை
ஒரு ஷட்டர் அகலம்.
இந்தப் பக்கம் வங்காள மெஸ், கடுகெண்ணெயில் மீன் பொரியும்.
அந்தப் பக்கம் ஜெராக்ஸ்.
ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லாரும்
எங்கள் டியூப்லைட்டை மிதித்துத்தான் போகவேண்டும்.

வெளிநாடு என்றால் எனக்கு
மீனம்பாக்கத்துக்கு அப்பால் எங்கோ இருப்பது.
மொஃபிசுல் ஹக்குக்கு அது
காட்பாடியில் இறங்கி
ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய்.

லோக்கல் சிம், பிரீபெய்டு, என்றார்.
பாஸ்போர்ட், விசா நகல்,
வெள்ளைப் பின்னணியில் வியர்த்த முகம் ஒன்று.
பழைய சிம்மை எடுக்க ஊசி தேடினேன்.
சட்டையில் பொத்தான் போன இடத்திலிருந்து
ஊக்கைக் கழற்றித் தந்தார்.
அப்புறம் பேசும்போதெல்லாம்
ஒரு கை மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாரிசால் நம்பரை
காலியான மாத்திரை அட்டையின் குழியில் வைத்து
டேப் ஒட்டி மூடினார்.

உள்ளூரில் தெரிந்தவர் நம்பர் கேட்டது கம்ப்யூட்டர்.
அவருக்குத் தெரிந்தவர்கள்:
லாட்ஜ் மேனேஜர் (போனை எடுக்க மாட்டார்),
ரத்தம் எடுக்கும் பையன்,
டோக்கன் நானூற்றுப் பன்னிரண்டு.
முதலாளி தொழுகைக்குப் போன நேரம்.
என் நம்பரைப் போட்டேன்.
ஓடிபி வந்தது.
ஆறு இலக்கத்தில் அவருக்கு நான் தெரிந்தவள்.

எந்த பிளான், பாய்?
இருபத்தெட்டு நாளா, எண்பத்துநாலா?
எண்பத்துநாலு போட்டால் லாபம்,
எல்லாரிடமும் சொல்வதுபோல்தான் சொன்னேன்,
கடை அளவுக்குத் தெரிந்த வங்காளத்தில்.
அவர் எதிர்க் கட்டடத்தின் மேல்மாடிகளைப் பார்த்தார்.
அங்கே யாரும் இன்னும் சொல்லாத ஒரு எண்ணை
நான் கவுண்டரில் கேட்டிருக்கிறேன்.

இருபத்தெட்டு, என்றார்.

லாட்ஜ் மூன்றாம் மாடியில் டவர் எடுக்காது.
சாயந்தரம் எங்கள் படியில் நின்றுதான் மகளைக் கூப்பிடுவார்.
வேலூரைக் காட்டு என்றாள் அவள் ஒருநாள்.
போனைத் திருப்பினார்.
தொங்கும் கவர்கள், சார்ஜர்கள், நான்.
கையாட்டினேன்.
அந்தப் பக்கம் மழை.
இந்தப் பக்கம் அக்னி நட்சத்திரம், நூற்றெட்டு டிகிரி.
ஸ்பீக்கரில் தகரக்கூரை படபடத்தது.
ஆட்டோ பாண்டுரங்கன் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு
'இன்னாமா, எங்க பேயுது?' என்றார்.

இருபத்தொன்பதாம் நாள் காலை
ஷட்டர் பாதி ஏறும்போதே நின்றார்.
மறுபடி இருபத்தெட்டு.
லாபக் கணக்கை நான் எடுக்கவில்லை.
அன்றிலிருந்து
ஃபைலை நெஞ்சோடு பிடித்து வரும் யாரிடமும்
அந்தக் கணக்கைச் சொல்வதில்லை.
முதலாளிக்கு இது தெரியாது.

அதன்பின் ஒருநாள் பையோடு வந்தார்.
இது எதுவரைக்கும் எடுக்கும், ஆபா?
பார்டர் வரைக்கும்.
பதினோரு நாள் மிச்சமிருக்கு. பக்கத்து அறை
அகர்தலா பையனுக்கு மாற்ற முடியுமா?
நாளை மாற்ற முடியாது, பாய்.
தலையாட்டினார்,
இதே பதிலை வேறொரு கவுண்டரிலும் கேட்டவர்போல.

சட்டையில் பொத்தான் இருந்தது.
வெள்ளைத் துணியில் பச்சை நூல்,
நெருக்கி நெருக்கிப் போட்ட தையல்.
வெளியே ஆட்டோவில் யாரோ.
ஒரு முழங்கையும்
மடியில் ஒரு பை முள்ளுக் கத்திரிக்காயும்தான் தெரிந்தன.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த நம்பர் அடித்தது.
ஆபா, என்றார்,
டவர் போகுது.
பின்னால் ஒரு பெண் ஏதோ சொன்னாள், சிரித்த மாதிரி,
இல்லை இருமினாளோ.
கட்டானது.

ஊக்கு என் டிராயரில் கிடக்கிறது.
கடைக்கு வாங்கிய ஊசிகள் தொலைந்துகொண்டே இருக்கின்றன;
இப்போது எல்லா போனையும்
அதை வைத்துத்தான் திறக்கிறேன்.